நாற்காலியின் கதையும் உட்காரும் உரிமையும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். உட்காருவதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று பாடம் நடத்தும்போது எல்லா ஆசிரியர்களும் சொல்லும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு: நாற்காலி. நான்கு கால் இருப்பதால் நாற்காலி, ஆகவே காரணப்பெயர். "அப்ப மாட்டுக்கும் நாலு கால்தானுங்க டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்காமல் அந்தப் பாடம் முடிந்ததே இல்லை. இன்று ஆபீசில் போடும் சுழல் நாற்காலியைப் பாருங்கள். அடியில் ஐந்து கால், ஐந்து சக்கரம். பின்பக்கம் சாய்ந்தால் கவிழக்கூடாது என்பதற்காக நாலை ஐந்தாக்கினார்கள். காரணப்பெயர் சரியாக இருக்க வேண்டுமானால் அதை ஐங்காலி என்றுதான் சொல்ல வேண்டும்!

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் நாற்காலி கிடையாது. வாசலில் திண்ணை, உள்ளே ஆசாரம், ஓரமாக ஒரு கயிற்றுக் கட்டில். சாப்பிட உட்கார மணைப்பலகை, வந்தவர்களுக்குப் பாய். கடைகளும் அப்படித்தான் இருந்தன. பழைய துணிக்கடையில் மெத்தை போட்டு அதன்மேல் வெள்ளைத் துணி விரித்திருப்பார்கள். முதலாளி திண்டில் சாய்ந்திருப்பார். கணக்குப்பிள்ளை சாய்வான சின்ன மேசைப்பெட்டியை முன்னால் வைத்துச் சம்மணமிட்டு எழுதுவார். துணி எடுத்துக் காட்டுகிறவரும் உட்கார்ந்தேதான் காட்டுவார், வாங்க வந்தவர்களும் உட்கார்ந்தேதான் பார்ப்பார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வேலை செய்கிறவரின் உடம்புக்கு ஏற்ப இருக்கை அமைப்பது வெளிநாட்டுக்காரர்கள் கண்டுபிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். நம் குழித்தறியைப் பாருங்கள். அந்தியூர், பவானி, சென்னிமலை வட்டாரத்தில் கைத்தறி பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தரையில் குழி வெட்டி, நெசவாளர் அதன் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிப்பார். மேலை நாட்டில் தரையை அப்படியே விட்டுவிட்டு இருக்கையை உயர்த்தினார்கள். நாம் இருக்கையைத் தரையிலேயே வைத்துவிட்டு, காலுக்காகத் தரையை இறக்கினோம். முழங்கால் மடங்கிக் காலைத் தொங்கவிடும் நிலை இரண்டிலும் ஒன்றுதான்.

ஆனால் அந்தக் குழியை நான் பெருமை பேசி நிறுத்த மாட்டேன். முதுகுக்குச் சாய்மானம் இல்லை. நாள் முழுக்க முன்னால் குனிந்த உடம்பு. மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறும், சில இடங்களில் தண்ணீரே நிற்கும். அதில் காலை விட்டுக்கொண்டுதான் நெசவு. பவானி ஜமக்காளத்துக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்கெல்லாம் மகிழ்ச்சி. அதை நெய்தவரின் இடுப்புக்கும் முழங்காலுக்கும் என்ன கிடைத்தது என்று நாம் கேட்டோமா?

இந்தக் கேள்வியை 300 வருடங்களுக்கு முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார். இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி. 1700-ஆம் ஆண்டு தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒவ்வொரு தொழிலாக எடுத்து, அது உடம்பை என்ன செய்கிறது என்று பார்த்தார். நின்றே வேலை செய்கிறவர்களுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதைக் குறித்தார். உட்கார்ந்தே வேலை செய்யும் தையல்காரர்களுக்கும் செருப்புத் தைப்பவர்களுக்கும் முதுகு வளைவதைக் குறித்தார். கணக்கெழுதுகிறவர்களையும் விடவில்லை. ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி அசைப்பது, தப்பு வந்துவிடுமோ என்ற மனபாரம் ஆகிய மூன்றும்தான் அவர்களின் நோய்க்குக் காரணம் என்றார். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் இன்றைய பிள்ளைகளுக்கும் அந்த மூன்று காரணமும் அப்படியே பொருந்துகிறது.

வேலையை உடம்புக்குப் பொருத்தும் இந்த அறிவியலுக்கு 'எர்கோனாமிக்ஸ்' என்று 1857-இல் பெயர் சூட்டியவர் போலந்து நாட்டு அறிஞர் யாஸ்ட்ரெம்போவ்ஸ்கி. கிரேக்கச் சொற்களான வேலை, விதி என்ற இரண்டையும் சேர்த்த பெயர் அது. பிறகு அந்தப் பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். 1949-இல் இங்கிலாந்தில் மரல் என்ற அறிஞர் மூலமாகத்தான் அது மறுபடி புழக்கத்துக்கு வந்தது.

நம் ஊருக்குள் நாற்காலி வந்த வழி தாலுகா கச்சேரி. வெள்ளைக்காரர் காலத்தில் கச்சேரி, கோர்ட்டு, ஜமீன் வீடு, பள்ளிக்கூடம் என்று வந்தது. அது தேக்குச் சட்டமும் பிரம்புப் பின்னலும் கொண்ட நாற்காலி. நம் வெயிலுக்குப் பிரம்பு நல்ல யோசனை. பின்னலின் கண் வழியாகக் காற்றுப் புகும், முதுகு வேர்க்காது, உடம்பின் கனத்துக்குக் கொஞ்சம் இழைந்து கொடுக்கும். பார்வையற்றோருக்கு நம் நாட்டில் சொல்லிக்கொடுத்த கைத்தொழில்களில் பிரம்பு பின்னுவது முக்கியமானது. அரசு அலுவலகங்களின் கிழிந்த நாற்காலிகளைப் பின்னிக் கொடுத்து எத்தனையோ குடும்பங்கள் சாப்பிட்டன. ஊர்ப் பெரிய அதிகாரிகளின் முதுகைத் தாங்கியது அவர்களின் விரல்கள்தான்.

1994-இல் அமெரிக்காவில் ஏரான் என்ற ஆபீஸ் நாற்காலி வந்தது. பில் ஸ்டம்ப், டான் சாட்விக் என்ற இரண்டு பேர் வடிவமைத்தது. பஞ்சையும் தோலையும் எடுத்துவிட்டு வலை மாதிரியான துணியைக் கட்டியிருந்தார்கள். காற்றோட்டம், உடம்புக்கேற்ற வளைவு என்று உலகமே வியந்தது. இன்று கோயமுத்தூர் கடைகளில் 'மெஷ் சேர்' என்று வரிசையாக நிற்பவை அந்தச் சாயலில் வந்தவைதான். நம் பிரம்புப் பின்னல் செய்த வேலையும் அதுதானே என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் நாற்காலி வந்தபோது சுகத்தை மட்டும் கொண்டுவரவில்லை. யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்ற கணக்கையும் கொண்டுவந்தது. முன்னால் திண்ணைக்கு இருந்த அதே கணக்கு நாற்காலிக்கு மாறியது. அரியணை, சிம்மாசனம் என்று ராஜாவுக்குத் தனிப்பெயர் வைத்தோம். பதவிச் சண்டைக்கு நாற்காலிச் சண்டை என்றே பெயர். பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவியைக்கூட 'இருக்கை' என்கிறோம். ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைய உலகத் தமிழர்கள் பணம் திரட்டியது நினைவிருக்கும். உட்காரும் இடம் என்றால் மரியாதை என்பது மொழியிலேயே பதிந்து கிடக்கிறது.

அதனால்தான் நாற்காலியை மறுப்பது இத்தனை பெரிய அவமானமாகிறது. 2020 அக்டோபரில் ஒரு படம் வெளியானது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சிக் கூட்டம். மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர், பட்டியலினப் பெண், தரையில் உட்கார்ந்திருந்தார். வழக்குப் பதிவானது, ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஒரு நாற்காலியின் விலை சில நூறு ரூபாய். அங்கே மறுக்கப்பட்டது அந்தச் சில நூறு ரூபாய்ப் பொருளா?

பள்ளிக்கூடத்தில் இதற்கு நேர்மாறான ஒன்றையும் நான் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் நாற்காலியில், பிள்ளைகள் தரையில் என்பதுதான் வெகுகாலம் வழக்கம். செயல்வழிக் கற்றல் முறை சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, 2007-08 வாக்கில் மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ஆசிரியரும் பிள்ளைகளோடு பாயில் உட்கார வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் எழுதுவதற்குச் சுவரில் கீழ்மட்டக் கரும்பலகை வந்தது. எங்களில் சிலருக்கு முழங்கால் வலி, சிலருக்குக் கௌரவக் குறைச்சல். எனக்கு அது பிடித்திருந்தது. நாற்காலியிலிருந்து பார்த்தால் பிள்ளைகளின் தலைதான் தெரியும். பாயில் உட்கார்ந்தால் முகம் தெரியும்.

இப்போது துணிக்கடைக்கு வருகிறேன். மெத்தை போன காலத்தில் கண்ணாடி அலமாரியும் கல்லா மேசையும் வந்தன. வாங்க வருகிறவருக்கு நாற்காலி போட்டார்கள். எடுத்துக் காட்டுகிறவரை நிற்க வைத்தார்கள். முன்பு இரண்டு பேரும் உட்கார்ந்து நடந்த வியாபாரம், ஒருவர் உட்காரவும் ஒருவர் நிற்கவுமாக மாறியது. ஜவுளிக்குப் பேர்போன நம் ஈரோடு மாவட்டத்தில், சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து காலை பஸ்ஸில் போய் இரவு பஸ்ஸில் திரும்பும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்! என்னிடம் படித்த பெண் ஒருத்தி பத்து வருடமாக ஒரு துணிக்கடையில் இருக்கிறாள். "கடையில உட்கார்ந்தா சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கேட்பாருங்க டீச்சர். கூட்டமே இல்லாட்டியும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கோணும். ராத்திரி காலைச் செவுத்து மேல தூக்கி வெச்சுத்தான் படுப்பேன்" என்றாள். வீங்கிய கணுக்காலைக் காட்டினாள். அவளுக்கு வயது 32.

இந்தக் கொடுமை நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. இங்கிலாந்தில் கடைப் பெண்கள் இப்படி நின்று நின்று நோயில் விழுந்ததால், 1899-இல் அவர்களுக்காகவே ஒரு சட்டம் போட்டார்கள். கடையில் வேலை செய்யும் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 44-ஆம் பிரிவில், நின்று வேலை செய்கிறவர்களுக்கு இடையிடையே உட்கார வசதி வேண்டும் என்றது. ஆனால் அது தொழிற்சாலைக்கு. கடைக்கு அது பொருந்தவில்லை. 1947-இலேயே வந்த நம் மாநிலக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் அப்படியொரு பிரிவு இல்லாமலே 70 வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

வழி திறந்தவர்கள் கேரளப் பெண்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி என்பவர் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் கேட்டது கழிப்பறை. அடுத்துக் கேட்டது உட்கார ஓர் இடம். 2014 கடைசியில் திருச்சூரில் ஒரு பெரிய துணிக்கடைப் பெண்கள் நூறு நாட்களுக்கு மேல் போராடினார்கள். அந்தப் போராட்டத்துக்கே 'இரிக்கல் சமரம்' என்று பெயர். இரிக்கல் என்றால் உட்காருதல். 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டு பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இருந்தது.

அடுத்தது தமிழ்நாடு. 2021 செப்டம்பர் 6-ஆம் நாள், தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் சட்டமன்றத்தில் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். சட்டத்தில் 22-அ என்று புதுப்பிரிவு சேர்ந்தது. எல்லாக் கடைகளிலும் நிறுவனங்களிலும் அனைத்துப் பணியாளர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பது அதன் சாரம். பெண்களுக்கு மட்டும் அல்ல, எல்லோருக்கும். வாட்ச்மேன், பில் போடும் பையன், ஜூஸ் கடைக்காரர் வரைக்கும்.

என் மாணவியிடம் இதைச் சொன்னபோது சிரித்தாள். "ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்காங்க டீச்சர். அதுமேல சேலை அட்டைப்பெட்டி உட்கார்ந்திருக்குது." சட்டம் ஸ்டூலை உள்ளே கொண்டுவந்துவிட்டது. அதில் மனுஷி உட்காருவதற்கு முதலாளி மனசும் வாடிக்கையாளர் மனசும் மாற வேண்டும். நாம் கடைக்குள் போனதும் உட்கார்ந்திருந்த பிள்ளை பதறி எழுந்தால், "உட்காரு சாமி, நான் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். அவள் உட்கார்ந்திருந்தால் நம் மரியாதை ஒன்றும் குறையாது.

இனி இன்னொரு பக்கம். நின்றே கிடப்பது நோய் என்றால் உட்கார்ந்தே கிடப்பதும் நோய்தான். 1953-இல் லண்டன் மருத்துவர் ஜெரி மாரிஸும் அவர் குழுவினரும் மாடி பஸ் தொழிலாளர்களை ஆராய்ந்தார்கள். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. சுவீடன் மருத்துவர் நாகெம்சன் 1960-களில் முதுகெலும்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தையே அளந்தார். நிற்கும்போது இருப்பதைவிட, சாய்மானமில்லாமல் உட்காரும்போது அழுத்தம் அதிகம். முன்னால் குனிந்தால் இன்னும் அதிகம் என்று கண்டார். நெசவாளரும், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் முதுகில்லாத ஸ்டூலில் உட்கார்ந்து தைக்கிறவர்களும் ஏன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்கள் என்பதற்கு விடை அதில் இருக்கிறது.

கொரோனா காலத்தில் பெங்களூரு, சென்னை ஐ.டி. பிள்ளைகள் எல்லாம் அந்தியூருக்குத் திரும்பி வந்து வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். எதில் உட்கார்ந்து? சாமியானாக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் அதே பிளாஸ்டிக் சேரில். ஒரே வார்ப்பில் செய்யும் அந்த நாற்காலியின் பெயர்பெற்ற ஒரு முன்னோடி, 1972-இல் பிரான்ஸில் ஆன்ரி மசோனே என்பவர் செய்தது. கல்யாணத்துக்கு இரண்டு மணி நேரம் உட்கார அது போதும். தினம் ஒன்பது மணி நேரத்துக்கு ஆகாது. "எந்த நாற்காலி வாங்கறதுங்க டீச்சர்?" என்று கேட்டவர்களுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். விலையைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள்.

1. உயரம்: உட்கார்ந்தால் உள்ளங்கால் முழுக்கத் தரையில் பட வேண்டும். குதிகால் தூக்கினால் நாற்காலி உயரம். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி அவசியம். நம் பெண்கள் பலருக்கு மிகக் கீழே இறக்கினாலும் உயரமாகத்தான் இருக்கும். அப்போது காலுக்கடியில் பழைய மணைப்பலகையைப் போடுங்கள், சரியாகிவிடும்.

2. ஆழம்: முதுகு சாய்மானத்தில் பட உட்கார்ந்தபின், இருக்கை விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் கால் மரத்துப் போகும்.

3. இடுப்பு வளைவு: இடுப்புக்கு மேலே முதுகு உள்வாங்கும் இடத்தில் தாங்கல் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாலே பாதிப் பயன் உண்டு.

4. கைப்பிடி: தோளைத் தூக்காமல் முழங்கை வந்து அமரும் உயரம் வேண்டும். மேசைக்குள் போகாத கைப்பிடி உங்களை மேசையிலிருந்து தள்ளியே வைக்கும்.

5. திரை: கம்ப்யூட்டர் திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும். எவ்வளவு நல்ல நாற்காலி வாங்கினாலும், மடியில் லேப்டாப்பை வைத்துக் குனிந்தால் வீண்.

6. எழுந்திருங்கள்: அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு வையுங்கள். எந்த நாற்காலியும் நடைக்கு ஈடாகாது.

படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், போய் உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டு உடம்பு அளவில் செய்தது நமக்குப் பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இலேயே இந்திய உடல் அளவுகளைத் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டிருக்கிறது. நாற்காலி செய்கிறவர்கள் அதைப் பார்த்தார்களா என்று கடையில் கேட்டுப் பாருங்கள்.

கடை வைத்திருக்கும் என் மாணவர்களுக்கும் ஒரு சொல். சட்டத்தில் இருக்கும் 'பொருத்தமான' என்ற சொல் முக்கியம். அடிக்கடி எழுந்திருக்க வேண்டிய வேலைக்குத் தாழ்ந்த நாற்காலி ஆகாது. கால் வைக்கக் கம்பியும் சின்னதாக முதுகுத் தாங்கலும் உள்ள உயர ஸ்டூல் நல்லது. அதில் பெட்டி வைக்காதீர்கள். உட்கார்ந்து எழுந்த பணியாள் சாயங்காலமும் முகம் கோணாமல் சேலை எடுத்துக் காட்டுவாள், அதுவும் உங்கள் வியாபாரத்துக்கு நல்லதுதான்.

நல்ல நாற்காலிக்குச் செலவு செய்ய வசதி உள்ளவர்கள் தாராளமாகச் செய்யுங்கள், உடம்பு ஒன்றுதான். அதே நேரம் உங்கள் கடையில், கம்பெனியில், அபார்ட்மெண்ட் வாசலில் யார் நின்றுகொண்டே இருக்கிறார்கள் என்றும் ஒரு பார்வை பாருங்கள். முடிந்தால் நாளைக்கே ஓர் இருக்கை வாங்கிப் போடுங்கள். போட்டபின் "உட்காருங்க" என்று வாய்விட்டுச் சொல்லவும் மறக்காதீர்கள்.

தறியில், கடையில், பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் இடத்தில் உட்கார வசதி எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். கடைப் பெயர், முதலாளி பெயர் வேண்டாம். நிலைமையை மட்டும் எழுதுங்கள். எல்லோரும் தெரிந்துகொள்வோம்.

படித்து முடித்தாயிற்று அல்லவா, இப்போது எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு வாருங்கள்.